சும்மா ஒரு போட்டோ

இந்த ஊரில் உயிரோடு இருக்கிறவர்களைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். வந்து இத்தனை வருடம் ஆகியும் எனக்கு இது மட்டும் பழகவில்லை. மழை பழகிவிட்டது. மதியச் சாப்பாடு என்று இரண்டு துண்டு ரொட்டியைக் கடித்துவிட்டு வேலைக்குத் திரும்புவது பழகிவிட்டது. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பதுகூடப் பழகிவிட்டது. ஆனால் பக்கத்து வீட்டு லீஸ்பெத்தைப் பார்க்கப் போகும்போதெல்லாம், வாசலிலிருந்து மாடிப்படி வரைக்கும் வரிசையாகத் தொங்குகிற அந்த முகங்களைத் தாண்டும்போது என் குரல் தானாகத் தணிந்துவிடும். துக்க வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நடக்கிறேன் என்று என் மனைவி கேலி செய்வாள். திருக்கழுக்குன்றத்தில் பிறந்து வளர்ந்தவன் வேறு எப்படி நடப்பான் என்று கேட்டால் பதில் வராது. அவளும் செங்கல்பட்டுக்காரிதான்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லீஸ்பெத் எங்களைக் காபிக்குக் கூப்பிட்டிருந்தாள். ‘அப்பாவுக்காக’ என்று அவள் சொன்னது புரிந்தது, மற்றது புரியவில்லை. என் டச்சு அந்த அளவில்தான் இருந்தது. மனைவிக்கு வேலை இருந்ததால் நான் மட்டும் போனேன். உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரில் ஒரு பெரிய படம். வயதான கணவன் மனைவி, இருவரும் வெள்ளை உடை, பின்னால் கடல். படத்துக்குக் கீழே மேசையில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஜாடி நிறைய வெள்ளைப் பூ. கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு இருபது பேர் முழங்காலில் தட்டை வைத்துக்கொண்டு மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? பாவம், இரண்டு பேரும் ஒன்றாகவே போய்விட்டார்கள், ஏதாவது கார் விபத்தாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, வகுப்பில் சொல்லிக் கொடுத்த வார்த்தையை நினைவுக்குக் கொண்டுவந்து, வட்டத்தில் இருந்த ஒவ்வொருவர் கையையும் பிடித்து ‘ஹெகொண்டொலேர்த்’ என்றேன். ஆழ்ந்த அனுதாபங்கள் என்று அர்த்தம்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரித்தார்கள். லீஸ்பெத் என் தோளைத் தட்டி, ‘ஹெஃபேலிசிட்டேர்த்’ என்று திருத்தினாள். அது வாழ்த்து. வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் இந்த இரண்டு வார்த்தையையும் மாற்றிச் சொல்லிவிடுவார்கள், பரவாயில்லை என்றாள். நான் மாற்றிச் சொல்லவில்லை, அறிந்தே சொன்னேன் என்று விளக்க வாயைத் திறந்தபோது, சமையலறைக் கதவு திறந்து படத்தில் இருந்த கிழவர் கையில் கேக் தட்டோடு வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் காபிக் குவளைகளோடு கிழவி. அன்றைக்கு அவருடைய பிறந்தநாளாம். இங்கே பிறந்தநாளன்று வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் கை கொடுத்து வாழ்த்து சொல்வது வழக்கமாம். அதனால் நான் செய்த காரியம் முழுவதும் சரி, வார்த்தை ஒன்றுதான் தவறு என்று என்னைப் பாராட்டவும் செய்தார்கள்.

கேக் தின்றுகொண்டே அந்தப் படத்தின் கதையைக் கேட்டேன். லீஸ்பெத்தும் அவள் தம்பிகளும் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லோரும் வளர்ந்து போன பெற்றோருக்கு என்னதான் பரிசு தருவது? துணி, பாத்திரம் எல்லாம் இருக்கிறது. அதனால் ஒரு போட்டோகிராஃபரின் ஒரு காலைப்பொழுதைப் பரிசாகக் கொடுத்தார்களாம். எல்லோரும் கடற்கரையில் கூடி, நடந்து, சிரித்து, படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். என்ன விசேஷம், கல்யாண நாளா என்று கேட்டேன். ‘சோமார்’ என்றாள் லீஸ்பெத். அந்த வார்த்தையை நான் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நம் ‘சும்மா’வேதான். ஓசைகூடக் கிட்டத்தட்ட அதேதான். காரணம் இல்லாமல், தேதி பார்க்காமல், சும்மா. எனக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. வருகிற பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது நைனாவுக்கும் அம்மாவுக்கும் இதையே கொடுத்துவிடலாம் என்று அன்றைக்கே ஊரப்பாக்கத்தில் இருக்கிற அக்காவுக்கு போன் செய்தேன்.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்போம். ‘நீ’ என்றுதான் கூப்பிடுவோம். மரியாதை எல்லாம் பயத்திலேயே இருந்தது. திருக்கழுக்குன்றத்திலிருந்து கல்பாக்கத்துக்கு ஷிஃப்டு ஆட்களை ஏற்றிப் போகும் பஸ்ஸை ஓட்டியவர். இன்றைக்கும் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கிற மாதிரி, தலையைத் திருப்பாமலே அறைக்குள் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிடுவார். எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் தனியாள் படம் என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. பெரியப்பாவுடையது. அவர் இருந்தவரை தனியாகப் படம் எடுத்துக்கொண்டதே இல்லை. போன பிறகு யாரோ ஒருவருடைய கல்யாணக் கும்பல் போட்டோவைத் தேடிப் பிடித்து, ஸ்டூடியோவில் கொடுத்து அவரை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கினார்கள். வெட்டியவனுக்கு அவசரம் போலிருக்கிறது. பெரியப்பாவின் இடது தோளில் இன்னொருவர் கையின் நான்கு விரல்கள் அப்படியே தங்கிவிட்டன. மாலை, பொட்டு, சிவப்பு சீரோ வாட்ஸ் பல்பு எல்லாம் இருக்கிறது, கூடவே அந்த விரல்களும். ஒவ்வொரு வருடமும் திதி கொடுத்துச் சாப்பிட்டு முடித்ததும் அது யார் கை என்று ஒரு சண்டை நடக்கும். இன்று வரைக்கும் தெரியவில்லை.

பொங்கல் வரை காத்திருக்க முடியவில்லை. நைனாவுக்கு வயிற்று வலி என்று அக்காவும் மாமாவும் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் நைனாவையும் அம்மாவையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இவர்களிடம் விஷயத்தைச் சொன்னார். நைனாவிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறார். அக்கா பதறிப்போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் எனக்கு போன் செய்தபோது பின்னால் ரயில் போகிற சத்தம் கேட்டது. “தம்பி, புண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கோம். மாத்திரையில சரியாய்டும்னு சொல்லிட்டோம். நீயும் வாயத் தொறந்துடாத. அம்மாவுக்கும் தெரியாது,” என்று அழுதாள். நானும் சரி என்றேன். வேறு எதையும் நான் யோசிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. நம் வீடுகளில் அப்படித்தானே செய்வார்கள்? நோயாளியைத் தவிர தெரு முழுக்கத் தெரிந்திருக்கும்.

மருந்து ஏற்றினால் நிறைய காலம் தள்ளலாம், ஆனால் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எப்படி ஏற்றுவது? வெறும் புண்ணுக்கு யார் அந்த வார்டில் போய்ப் படுப்பார்கள்? எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாதவரா நைனா? இதை எப்படிச் சொல்வது, யார் சொல்வது என்று நானும் அக்காவும் தினமும் பேசினோம். பேசப் பேச நாட்கள்தான் போயின. மனம் தாங்காமல் ஒருநாள் வேலியோரம் லீஸ்பெத்திடம் சொன்னேன். அப்பாவுக்குப் புற்றுநோய், அவருக்குத் தெரியாது என்றேன். அவளுக்கு நான் மறுபடியும் மொழியில் தப்பு செய்கிறேன் என்று தோன்றியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் சொல் என்றாள். ஆங்கிலத்திலும் அதையே சொன்னேன். “அது யாருடைய நோய்?” என்று கேட்டாள். குத்திக் காட்டவில்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்கெல்லாம் அப்பன் ஆத்தாவிடம் பாசம் கிடையாது, எதையும் முகத்துக்கு நேரே போட்டு உடைப்பீர்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே உள்ளே வந்துவிட்டேன்.

பிள்ளைக்குக் கோடை விடுமுறை விட்டதும் டிக்கெட் போட்டோம். ஆடி மாதம். நாங்கள் எந்தக் காலத்திலும் ஆடியில் ஊருக்குப் போனதில்லை. எதற்கு வருகிறோம் என்று ஒரு காரணம் வேண்டுமே, அதற்காக அந்தப் பரிசைக் கையில் எடுத்தோம். குடும்பமாக ஒரு போட்டோ, உங்கள் இருவருக்கும் எங்கள் பரிசு, பெரிதாகச் சட்டம் போட்டுத் தருவோம் என்றேன். நைனா ஈஸி சேரில் சாய்ந்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா விசேஷம்?”

“விசேஷம்லாம் ஒண்ணும் இல்ல நைனா. சும்மாதான்.”

“ஆடி மாசத்துல, பொண்டாட்டி புள்ளைய இட்டுகினு, சும்மா எவன்டா பிளேன் ஏறி வருவான்?” என்றார். நான் லீஸ்பெத் வீட்டுக் கதையைச் சொன்னேன். செத்துவிட்டதாக நினைத்தவர் கேக்கோடு வந்த இடத்தில் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நைனா சிரிக்கவில்லை. “உயிரோட கீறவன மாட்டுவாங்களா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் பெரியப்பா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். லீஸ்பெத் வீட்டுக் கூடத்தில் நான் என்ன நினைத்தேனோ அதையேதான் அவரும் நினைப்பார் என்று ஏன் எனக்கு உறைக்கவில்லை? நான் அங்கே பார்த்துவிட்டு வந்த கண்ணோடு இங்கே பேசிக்கொண்டிருந்தேன்.

மாமல்லபுரத்தில் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்கிற பையன் ஒருவனை அக்கா பிடித்தாள். ஜோடிகளைக் கடலலையில் ஓடவிட்டு எடுப்பதில் பேர் வாங்கியவன். போனில் அவனுக்கும் இது புரியவில்லை. “அறுபதாம் கல்யாணமா சார்? எழுபதா?” என்று கேட்டான். சும்மாதான் என்றேன். “சும்மாவா?” என்று இழுத்தான். பிறகு, “சரி சார், எல்லாரும் ஒரே கலர்ல வந்துடுங்க, நல்லாருக்கும்,” என்றான். லீஸ்பெத் வீட்டுப் படம் நினைவில் இருந்ததால் வெள்ளை என்று நான்தான் சொன்னேன். அக்கா நைனாவுக்கு ஒரு வெள்ளைச் சட்டை வாங்கி வந்து கொடுத்தாள். அவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த இரண்டு நாளில் அம்மாவை ஏ.டி.எம்முக்கு அழைத்துப் போய் கார்டு போடக் கற்றுக்கொடுத்தார். மோட்டார் சுவிட்ச் எந்தப் பக்கம், கேஸுக்கு எந்த நம்பருக்கு அடிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். “இன்னாத்துக்கு இப்ப இதெல்லாம்? பேஜாரு பண்ணாத,” என்று அம்மா சலித்துக்கொண்டாள்.

மாமல்லபுரத்துக் கடற்கரையில் விடிந்தால் கூட்டம் நிற்கும், சதுரங்கப்பட்டினத்துக்குப் போகலாம் என்று இடத்தை மாற்றியவர் நைனாதான். அவர் வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டிய சாலை அது. விடியற்காலை வேனில் போகும்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் யார் ஏறுவார்கள், யார் தினமும் ஓடி வந்து ஏறுவார்கள் என்று என் மகளிடம் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் குரலில் அவ்வளவு உற்சாகம். ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

போய்ச் சேர்ந்தபோது சூரியனை மேகம் மூடியிருந்தது. வெளிச்சம் வரட்டும் என்று போட்டோகிராஃபர் மணலில் குடையை விரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். நைனா என்னைப் பார்த்து, “வா, அப்பிடிக்கா ஒரு நடை போய்ட்டு வரலாம்,” என்றார். கடலுக்கு எதிரில்தான் கோட்டை. டச்சுக்காரர்கள் கட்டியது. அந்தச் சாலையில் நைனாவோடு டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. அந்தக் காலத்தில் அது எங்களுக்கு வெறும் செங்கல் சுவர். அந்தக் கோட்டைக்காரன் ஊரில் போய் நான் குடியிருக்கப் போகிறேன் என்று அப்போது சொல்லியிருந்தால் நைனாவே சிரித்திருப்பார். காவலாளி அவருக்குப் பழைய பழக்கம். கல்லறை இருக்கிற பக்கத்துக் கம்பிக் கதவைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

உள்ளே தரையோடு தரையாகப் பெரிய பெரிய கற்கள். சுற்றிலும் பூவும் கொடியும் செதுக்கி, நடுவில் வரிவரியாக எழுத்து. நைனா ஒரு கல்லின் ஓரமாக நின்றார். “நீ அந்த ஊரு பாஷைய படிச்சிகினு கீற இல்ல? இதுல இன்னா எழுதி கீது, படி,” என்றார். குனிந்து பார்த்தேன். பழைய எழுத்து, பாதி புரியவில்லை. ஆனால் மேலே இருந்த இரண்டு வார்த்தை தெரிந்தது. ஹியர் ரூஸ்த்.

“இன்னா அர்த்தம்?”

“இங்க… ரெஸ்ட் எடுத்துகினு இருக்காருன்னு போட்டிருக்கு நைனா.”

அவர் சிரித்தார். அந்தப் பயணத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். கல்லில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, நானாக எதையும் மாற்றவில்லை என்று சொல்ல நினைத்தேன். சிரிப்பு அடங்கியதும் அவர் என் முகத்தைப் பார்க்காமல் கல்லைப் பார்த்தபடியே பேசினார். “எப்பவோ செத்தவன். அவன் செத்துட்டான்னு சொல்றதுக்கே உனுக்கு வாய் வரல. எனுக்கு எப்பிடிடா சொல்லப் போற?”

நான் கல்லில் செதுக்கியிருந்த கொடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வண்டி ஓட்றவன் நானு. பிரேக்கு புடிக்கலன்னு பாசஞ்சர் எல்லாம் பின்னால குசுகுசுன்னு பேசிகினு வரீங்க. டிரைவர்கிட்ட எவனும் சொல்ல மாட்டேங்கறீங்க. வண்டிய நான் எங்கன்னு நிறுத்தறது? நெஞ்சத் தொட்டு சொல்லு. புண்ணா, வேற எதுனாவா?”

வேலியோரம் லீஸ்பெத் கேட்ட கேள்விதான். அவள் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. இவர் கேட்டபோது அழுகை வந்தது. “கேன்சர் நைனா,” என்றேன். அதற்குத் தமிழில் ஒரு வார்த்தை இருந்தும் அது என் வாயில் வரவில்லை. கடல் இரைச்சல் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. பிறகு, “வைத்தியம் பண்லாம்னு சொன்னானா? வூட்டுக்கு இட்டுனு போன்னு சொன்னானா?” என்று கேட்டார். வைத்தியம் பண்ணலாம் என்றுதான் சொன்னார்கள், உன்னிடம் சொல்லாமல் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் நின்றுகொண்டிருக்கிறோம் என்றேன். “அட முட்டாப் பசங்களா,” என்றார். திட்டுகிற குரலில் இல்லை. என் தலையில் கையை வைத்துச் சின்னப் பிள்ளையை ஆட்டுகிற மாதிரி ஒரு ஆட்டு ஆட்டினார். “சும்மா போட்டோவாம். எனுக்குத் தெரியாதா? தனியா ஒண்ணு எடுத்து வெச்சிக்கத்தான வந்தீங்க.”

இல்லை என்று சத்தியம் செய்தேன். அந்த எண்ணம் எனக்கு இல்லவே இல்லை என்று அப்போது முழுதாக நம்பித்தான் சொன்னேன். பொங்கலை விட்டு ஆடிக்கு ஏன் மாற்றினேன் என்று இன்றைக்கு என்னையே கேட்டுக்கொண்டால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல வரவில்லை. “அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க யாரும் நடுவுல வராதீங்க,” என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்தார்.

நாங்கள் திரும்பியபோது வெயில் வந்திருந்தது. நைனா யாரிடமும் எதுவும் சொல்லாமல் அம்மாவைத் தண்ணீர் ஓரமாக அழைத்துப் போனார். இரண்டு பேரும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் பேசுவது தெரிந்தது. அம்மா அவர் சட்டையின் முதுகுப் பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். போட்டோகிராஃபர் சட்டென்று கேமராவைத் தூக்கினான். நல்ல படம்தான், அவன் வேலையில் இதைவிட நல்ல படம் கிடைக்காது. “வேணாம்ப்பா, எடுக்காத,” என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான், ஆனால் இறக்கிவிட்டான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மணலில் நடந்து வந்தாள். அக்காவைப் பார்த்து, “எங்கள வெளிய உக்கார வெச்சப்பவே எனுக்குத் தெரியும்டி,” என்றாள். பிறகு போட்டோகிராஃபரிடம், “எங்க நிக்கணும் தம்பி?” என்று கேட்டாள்.

எல்லோரும் சேர்ந்து நின்ற படங்களில் ஒருவர் முகமும் சரியாக இல்லை. கண்கள் சிவந்திருப்பதைப் பார்த்துவிட்டு, வெயில் கூசுகிறது போலிருக்கிறது என்று அவன் நல்லபடியாக எடுத்துக்கொண்டான். முடிந்ததும் நைனா அங்கேயே நின்றார். “இப்ப தனியா ஒண்ணு எடு,” என்றார். அம்மா பாய்ந்து வந்தாள். தனியாக எதற்கு, அபசகுனமாக, நானும் நிற்பேன் என்றாள். “மருந்து ஏத்துனா முடி கொட்டிடும். மூஞ்சி நல்லா கீறப்பவே எடுத்து வெச்சிக்கணும். எங்கண்ணனாட்டம் எவன் கையோ தோள்ல கீறாப்ல எனுக்கு வேணாம்,” என்றார் நைனா. அம்மா விலகி நின்றாள். அவன் எடுக்கத் தொடங்கினான். நடுவில் கடற்காற்றில் நைனாவின் காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. அம்மாவால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எட்டிக் கையை நீட்டி அதை அழுத்திவிட்டாள். அந்த நேரத்திலும் கேமரா சொடுக்கியது.

கேமராவின் சின்னத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினான் அவன். சரியாக நேரே பார்த்து, கை கால் ஒழுங்காக வைத்து எடுத்த படங்கள் நிறைய இருந்தன. நைனா அந்தக் காலர் படத்தில் நிறுத்தச் சொன்னார். இடது தோளில் அம்மாவின் கை, இரண்டு கண்ணாடி வளையல், மணிக்கட்டு வரைக்கும். அது தப்பாக வந்தது ஐயா, கையை அழித்துவிட்டுத் தருகிறேன் என்றான் பையன். “எதுவும் அழிக்காத. இதுவே இருக்கட்டும்,” என்றார் நைனா. அம்மா அதற்குப் பிறகு அபசகுனம் என்று ஒன்றும் சொல்லவில்லை.

நாங்கள் கிளம்புவதற்கு முன்பே முதல் மருந்து ஏற்றிவிட்டார்கள். படம் இரண்டு பிரதி வந்தது. திருக்கழுக்குன்றத்துப் பிரதியை அம்மா பழைய புடவையில் சுற்றி பீரோ மேல் வைத்துவிட்டாள், தன் கண் முன்னால் யாரும் அதை மாட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இன்னொன்றை நைனா என் பெட்டியில் அவரே துணிகளுக்கு நடுவில் வைத்தார். “நீ இட்டுனு போ. அங்கதான் உயிரோட கீறவன மாட்டுவாங்களே,” என்றார். பிறகு முக்காலியில் ஏறினார். நான் தடுத்தும் கேட்கவில்லை. பெரியப்பா படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆணியை அடித்தார். “உங்களுக்கெல்லாம் நேரா அடிக்கத் தெரியாது,” என்றார். ஆணியை வெறுமனே விட்டால் அம்மா பார்த்துக்கொண்டே இருப்பாள் என்று, வாசல் கதவோரம் இருந்த தினசரி காலண்டரை எடுத்து வந்து அதில் மாட்டினார்.

இப்போது எங்கள் வீட்டு நடைவழியில் நைனா தொங்குகிறார். மாலை இல்லை, பல்பு இல்லை. முதல் வாரத்தில் என் மனைவியே அந்த இடத்தைத் தாண்டும்போது குரலைத் தணித்துக்கொண்டாள். லீஸ்பெத் வந்து பார்த்துவிட்டு யாருடைய கை என்று கேட்டாள். அம்மாவுடையது என்றேன். அவருக்கு இப்போது தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கி ‘ஹெஃபேலிசிட்டேர்த்’ என்றாள். இந்த முறை அவள் வார்த்தையைச் சரியாகத்தான் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. நன்றி சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோம். நைனா அந்த ஆணிக்குக் கீழேதான் உட்காருவார். முடி போய்விட்டது, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டிருப்பார். என் திரையில் அவருக்குப் பின்னால் காலண்டர். அவர் திரையில் எனக்குப் பின்னால் அவரே. “அங்க நல்லா கீறேனாடா?” என்பார். நல்லா கீற நைனா என்பேன். உண்மையில் அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நான் காலண்டரைத்தான் பார்க்கிறேன். தினமும் காலையில் தாளைக் கிழிப்பது அவர் வேலை, வேறு யாரையும் தொடவிட மாட்டார். போன ஞாயிற்றுக்கிழமை அதில் பழைய தேதி இருந்தது. பேச்சு என் காதில் விழவில்லை. அம்மா என்னவோ சொல்கிறாள், நான் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நைனா அதைக் கவனித்துவிட்டார். கண்ணாடியில் பார்க்கிற ஆளாயிற்றே. சேரின் கையைப் பிடித்து மெதுவாக எழுந்தார். திரும்பி, இரண்டு தாளைச் சேர்த்துக் கிழித்தார். அவற்றை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காலண்டர் எனக்கு முழுதாகத் தெரியும்படி கொஞ்சம் ஓரமாக நகர்ந்து நின்றார்.

“ஆஸ்பத்திரிக்குப் போன அலுப்புல மறந்துட்டேன்,” என்றார். “பாத்துக்க. இன்னிக்கி தேதிதான் கீது.”